அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லாத உதவி இயக்குநர் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: மேடம், எனக்கு 25 வயது. விஸ்காம் முடித்துவிட்டுச் சென்னை வந்து, இப்போது இரண்டாவது படத்தில் உதவி இயக்குநராக இருக்கிறேன். குடும்பத்தை எதிர்த்துப் படிக்கப் போகிற ஒரு பெண்ணின் கதை. அதை நம்பித்தான் சேர்ந்தேன். ஆனால் எங்கள் கோ-டைரக்டர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் "தூங்கிட்டியா", "ஒரு போட்டோ அனுப்பு" என்று மெசேஜ் போடுகிறார். காரைக்குடி அவுட்டோரில் மானிட்டர் பக்கத்தில் நிற்கும்போது இடுப்பில் கை வைத்தார், நகர்ந்து போய்விட்டேன். கடைசியாக ஏப்ரல் 20 அன்று, "அடுத்த படத்துல உன்ன அசோசியேட் ஆக்குறேன், நீயும் என்னக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. "இதெல்லாம் வேண்டாம் சார்" என்று பதில் போட்டேன். அன்றிலிருந்து என்னை டிஸ்கஷனுக்குக் கூப்பிடுவதில்லை, கிளாப் போர்டையும் வேறு பையனிடம் கொடுத்துவிட்டார். எனக்கு ஆர்டர் எதுவும் கிடையாது, சங்கத்தில் கார்டும் எடுக்கவில்லை, பேட்டா கையில்தான் தருவார்கள். யூனிட்டில் இருக்கும் சீனியர் அக்கா, "சினிமான்னா இப்படித்தான், படம் முடியட்டும்" என்கிறார். ஸ்பாட்டில் பாத்ரூம்கூடக் கிடையாது, கேரவன் ஹீரோயினுக்கு மட்டும்தான், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறேன். நான் புகார் கொடுக்க முடியுமா? பெண்களுக்காகப் பேசுகிற ஒரு நல்ல படத்தை நானே கெடுத்தேன் என்று பேர் வந்துவிடாதா? அப்புறம் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

தாராளமாகக் கொடுக்கலாம். ஆர்டர் இல்லை, கார்டு இல்லை, பேட்டா கையில் என்று நீங்கள் அடுக்கியிருப்பதில் ஒன்றுகூட அதற்குத் தடை இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ல் வந்த சட்டம், போஷ் சட்டம் என்று எல்லோரும் சொல்வது, யாரெல்லாம் ஊழியர் என்று விளக்குகிற இடத்தில் நிரந்தர வேலைக்காரர், தற்காலிகம், தினக்கூலி, கான்ட்ராக்ட், பயிற்சிக்கு வந்தவர், சம்பளமே வாங்காமல் வேலை செய்பவர் வரை அத்தனை பேரையும் சேர்த்துக்கொள்கிறது. வேலையின் நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அது கேட்கவே இல்லை. பணியிடம் என்பதும் ஆபீஸ் மட்டும் கிடையாது. வேலை காரணமாக நீங்கள் போகிற எந்த இடமும் பணியிடம்தான், கம்பெனி அனுப்புகிற வண்டியும் அதில் சேரும். ஆக காரைக்குடி லொகேஷன், யூனிட் வேன், டிஸ்கஷன் நடக்கும் அறை எல்லாமே உள்ளே வருகின்றன.

இந்தச் சட்டம் இவ்வளவு விரிவாக இருப்பதற்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார், அவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி, அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் சொற்பத் தொகைக்கு வேலை பார்த்தவர். அவருக்கு ஆபீஸ் கிடையாது, மேஜை கிடையாது, ஊர்த் தெருக்கள்தான் வேலை செய்யும் இடம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் அவரைக் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். 1995-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிட்டது. வேலை செய்யப் போன இடத்தில் ஒரு பெண்ணுக்கு இது நடந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியோடு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால்தான், பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வழிமுறைகள் வகுத்த விசாகா தீர்ப்பு 1997-ல் வந்தது, அதிலிருந்து 16 வருஷம் கழித்து இந்தச் சட்டம் வந்தது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் காட்டு என்று உங்களை யாராவது மிரட்டினால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களுக்கு நடந்தது என்ன என்று சட்டத்தின் கண்ணால் பார்ப்போம். விருப்பமில்லாமல் தொடுவது துன்புறுத்தல். ராத்திரி மெசேஜில் போட்டோ கேட்பது, பாலியல் தொனியில் பேசுவது, அதுவும்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகக் கனமாகப் படுவது அந்த ஏப்ரல் 20 வாய்ஸ் மெசேஜும் அதற்கு அப்புறம் நடந்ததும். இணங்கினால் பதவி தருகிறேன் என்று சொல்வதையும், இணங்காவிட்டால் வேலையில் கெடுதல் வரும் என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ மிரட்டுவதையும், வேலை செய்ய முடியாத சூழலை உண்டாக்குவதையும் சட்டத்தின் 3-வது பிரிவு தனித்தனியாகவே சொல்கிறது. அசோசியேட் ஆக்குகிறேன் என்றது முதல் வகை. டிஸ்கஷனிலிருந்து உங்களை ஒதுக்கியதும் கிளாப் போர்டைப் பிடுங்கியதும் அடுத்த வகைகள். நீங்கள் இதைக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், புகாரில் அப்படி எழுதாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்த வேலை, யாரிடம் கொடுக்கப்பட்டது, உங்களிடம் என்ன காரணம் சொன்னார்கள் என்று விவரமாக எழுதுங்கள். தொட்டதைப் பார்த்த சாட்சி கிடைக்காமல் போகலாம். கிளாப் கை மாறியதை யூனிட்டே பார்த்திருக்கிறது.

யாரிடம் கொடுப்பது? 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற எந்த இடத்திலும் முதலாளி ஒரு உள்ளகப் புகார்க் குழு அமைத்தே ஆக வேண்டும். சாதாரணச் சின்ன பட்ஜெட் படத்தின் யூனிட்டிலேயே அதைப் போல் பல மடங்கு ஆட்கள் இருப்பார்கள். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவராக இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளி உறுப்பினர் ஒருவரும் வேண்டும். படத் தயாரிப்பு யூனிட் ஒவ்வொன்றும் இந்தக் குழுவை வைத்திருக்க வேண்டும் என்று 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. கேரளத் திரைத்துறைப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய டபிள்யூசிசி அமைப்பு போட்ட வழக்கு அது. பக்கத்து மாநிலத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் அது விளக்கியது நாடு முழுவதற்குமான ஒரே சட்டத்தைத்தான் என்பதால், இங்கே வாதாடுபவர்களுக்கு அது பெரிய பலம்.

முதலில் தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், இரண்டு வரி போதும்: இந்தப் படத்தின் உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எந்த முகவரிக்குப் புகார் அனுப்ப வேண்டும். கோ-டைரக்டர் பெயரை அதில் எழுத வேண்டாம். குழு இருந்தால் புகாரை எழுத்தில் கொடுங்கள், விதிப்படி 6 பிரதிகள், ஆதாரங்களும் சாட்சிகளின் பெயர்களும் சேர்த்து. பதிலே வரவில்லை, அல்லது குழுவே இல்லை என்றால் அதுவே முதலாளி செய்த தவறு, ரூ. 50,000 வரை அபராதம் உண்டு. அந்த நிலையில் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். சென்னையில் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நலத் துறையைக் கேட்டால் வழி காட்டுவார்கள். 10 பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளி மீதே வரும் புகார்களுக்கும்தான் உள்ளூர்க் குழு என்று யாராவது சட்டம் பேசினால், எங்கள் கம்பெனியில் குழுவே இல்லை என்று எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். நடிகர் சங்கத்திலோ மற்ற சங்கங்களிலோ இருக்கும் குழுக்கள் உதவலாம், ஆனால் தயாரிப்பாளரின் கடமையை அவை தங்கள் தலையில் ஏற்றுக்கொள்ள முடியாது.

தேதி முக்கியம். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 20-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் ஜூலை 20. வேலையிலிருந்து ஒதுக்குவது இன்றும் தொடர்கிறது, அதனால் காலம் இன்னும் இருக்கிறது என்று வாதாட முடியும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கவும் முடியும். ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். "படம் முடியட்டும்" என்று அந்த அக்கா சொன்னது உங்கள் மேல் உள்ள அக்கறையால்கூட இருக்கலாம். படம் முடிகிறபோது உங்கள் கெடுவும் முடிந்திருக்கும்.

அந்த மெசேஜ்களை எதற்காகவும் அழிக்காதீர்கள். அவர் நம்பரை பிளாக் செய்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் நீங்கள் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, நம்பரும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். வாய்ஸ் மெசேஜைத் தனியாகச் சேமித்து, நம்பிக்கையான ஒருவருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள். அதற்கு அப்புறமும் அந்த போனை விற்காதீர்கள், மாற்றிக் கொடுக்காதீர்கள், நீதிமன்றம் போனால் மூலக் கருவி கேட்பார்கள். "வேண்டாம் சார்" என்று நீங்கள் போட்ட பதில்தான் இதில் தங்கம். பேட்டா வாங்கியதற்கு ரசீது இல்லாவிட்டாலும் கால்ஷீட் மெசேஜ், யூனிட் வாட்ஸ்அப் குரூப், ஸ்பாட்டில் எடுத்த போட்டோ, ரயில் டிக்கெட் எல்லாம் நீங்கள் அந்தப் படத்தில் வேலை செய்ததைச் சொல்லும்.

புகார் கொடுத்தால், 7 வேலை நாளுக்குள் அதன் பிரதி அவருக்குப் போகும், அவர் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும், மொத்த விசாரணையும் 90 நாளில் முடிய வேண்டும். வக்கீலான நான் உங்களோடு விசாரணை அறைக்குள் வர முடியாது, எந்தக் கட்டத்திலும் இரண்டு தரப்புக்குமே வக்கீல் கூடாது என்று விதி சொல்கிறது. அதனால் உங்கள் எழுத்து உறுதியாக இருக்க வேண்டும். விசாரணை நடக்கும்வரை அவருக்குக் கீழே உங்களை வேலை செய்ய வைக்கக் கூடாது, உங்கள் வேலையைப் பற்றி அவர் மதிப்பீடு செய்யக் கூடாது என்று இடைக்கால நிவாரணம் கேட்கலாம், 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். உங்கள் விஷயத்தில் டைட்டில் கார்டில் பெயர் வருவதையும் இதில் சேர்த்துக் கேளுங்கள், வெளிப்படையாகவே எழுதுங்கள். தயாரிப்பு மேனேஜர் தரப்பில் யாராவது "பேசி முடிச்சிடலாம்மா" என்று வருவார்கள், பெரும்பாலும் வருவார்கள். சமரசம் என்பது நீங்களாகக் கேட்டால் மட்டும்தான். பணம் கொடுத்துச் சமரசம் செய்வதைச் சட்டம் அனுமதிக்கவில்லை.

நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று என் மேல் திருப்பிவிடுவார்களா என்ற பயம் பல பெண்களுக்கு இருக்கிறது, உங்களுக்கும் இருக்கலாம். நிரூபிக்க முடியாததும் பொய் சொன்னதும் ஒன்றாகாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு கொடுத்தது என்று தனியாக விசாரித்து முடிவு செய்தால்தான் நடவடிக்கை.

அப்புறம் அந்தப் பாத்ரூம் விஷயம். கடைசியில் சும்மா சேர்த்தது போல எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதைப் படித்ததும் மனசு கொதித்தது. மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய 2017-ல் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழு, நடிகை சாரதாவும் ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி வல்சலா குமாரியும் அதில் இருந்தார்கள், இதே விஷயத்தை அறிக்கையில் எழுதியது. செட்டில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடம் இல்லை, அதனால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொள்கிறார்கள் என்று. 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கையை அரசு 2024 ஆகஸ்டில்தான் வெளியிட்டது, அதுவும் பல பகுதிகளை நீக்கிவிட்டு. கிட்டத்தட்ட ஐந்து வருஷம்! அந்த அறிக்கை உள்ளகக் குழுக்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை சொல்கிறது: அதிகாரத்தில் இருப்பவர்கள் குழுவையே வளைத்துவிடக்கூடும், அதனால் சட்டப்படி தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்று. அது நியாயமான கவலை. ஆனால் தனித் தீர்ப்பாயம் வரும்வரை உங்கள் கையில் இருக்கும் வழி இதுதான், அதனால் வெளி உறுப்பினர் யார், அவருக்கும் தயாரிப்பாளருக்கும் தொழில் உறவு உண்டா என்று ஆரம்பத்திலேயே கேட்டு வையுங்கள். கழிப்பறையையும் புகாரில் ஒரு பத்தியாக எழுதுங்கள், பாதுகாப்பான பணிச்சூழல் தருவது முதலாளியின் சட்டக் கடமை. ஹேர் டிரெஸ்ஸர் அக்காக்களுக்கும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் பெண்களுக்கும் சேர்த்து நீங்கள் கேட்பதாக இருக்கும்.

நல்ல படத்தைக் கெடுத்தேன் என்று பேர் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் நீங்கள் அந்தக் கதையை நிஜமாகவே நேசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. முதலில் நடைமுறை: புகார் கொடுத்தால் ஷூட்டிங்கை நிறுத்தச் சொல்ல சட்டத்தில் எதுவும் இல்லை. புகாரில் இருப்பதை, உங்கள் பெயரை, அவர் பெயரை யாரும் பத்திரிகைக்கோ மற்றவர்களுக்கோ வெளியிடக் கூடாது, விசாரணை ரகசியம். படம் திட்டமிட்டபடி முடியலாம், வெளியாகலாம், ஓடலாம்.

ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது இதைவிடப் பெரியது. நம் படங்களில் ஹீரோயின் எப்படி அறிமுகமாகிறாள், கேமரா அவள் முகத்தில் நிற்கிறதா இடுப்பில் நிற்கிறதா, வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே சுற்றுவதைக் காதல் என்று காட்டுவதா வேண்டாமா, ஒரு பெண்ணைத் திட்டுகிற காமெடி வசனம் இருக்கட்டுமா போகட்டுமா, இதெல்லாம் முடிவாகிற இடம் எது? டிஸ்கஷன் அறைதான். அங்கே பத்து ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்து "சார், இந்த சீன்ல அவ அப்படிப் பேச மாட்டா" என்று சொல்வதால்தான் சில சீன்கள் மாறுகின்றன. டி.பி. ராஜலட்சுமி 1936-லேயே தமிழில் படம் இயக்கிவிட்டார். அவ்வளவு சீக்கிரம் திறந்த கதவு, அப்புறம் ஏன் இத்தனை குறைவான பெண்களை உள்ளே விட்டது என்று யோசித்தால், திறமைக் குறைவு என்று நான் ஒருநாளும் நம்ப மாட்டேன். இரண்டாவது படத்தோடு, மூன்றாவது படத்தோடு சத்தமில்லாமல் ஊருக்குத் திரும்பிப் போன பெண்கள் எத்தனை பேரோ. உங்களை அந்த அறையிலிருந்து வெளியேற்றியது ஒரு ஆளின் கோபம் மட்டும் கிடையாது, திரையில் பெண்கள் எப்படித் தெரிகிறார்கள் என்பதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. உங்கள் படம் நல்ல படமாக வர வேண்டும் என்றால் நீங்கள் அந்த அறைக்குள் திரும்பப் போக வேண்டும்.

வேலை கிடைக்குமா? இதில் இனிப்பாகப் பேசினால் உங்களுக்கு நான் துரோகம் செய்தவள் ஆவேன். விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2018 அக்டோபரில் மீ டூ அலையில் பாடகி சின்மயி வெளிப்படையாகப் பேசினார், அடுத்த மாதமே டப்பிங் சங்கத்திலிருந்து அவரை நீக்கினார்கள், சந்தா பாக்கி என்று காரணம் சொன்னார்கள். அவ்வளவு பெயர் பெற்றவருக்கே அப்படி என்றால் உங்கள் பயம் கற்பனை கிடையாது. இன்னொரு பக்கம், தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று பத்திரிகையாளர் பிரியா ரமணி சொன்னதற்காக அவர் மீது ஒரு முன்னாள் மத்திய அமைச்சர் போட்ட அவதூறு வழக்கில், 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பல பத்தாண்டுகள் கழித்தும், எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. ஆனாலும் நீங்கள் இப்போது சமூக வலைதளத்தில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. புகார் கொடுத்துவிட்டு அதன் விவரங்களை வெளியே எழுதினால் ரகசிய விதியை நீங்களே மீறியதாக ஆக்கப் பார்ப்பார்கள், வழக்கின் கவனம் அவரிடமிருந்து உங்களிடம் திரும்பிவிடும். அடுத்த வேலைக்கு இப்போதே கதவு தட்டுங்கள். விளம்பரப் படம், வெப் சீரிஸ், வேறு இயக்குநர்கள், முதல் படத்தில் உங்களோடு வேலை செய்தவர்கள். இந்த ஒரு யூனிட்டை மட்டுமே நம்பி இருக்கும்வரைதான் அவர் பிடி இறுகும்.

போலீஸ் வழியும் திறந்தே இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவு பாலியல் துன்புறுத்தல், தொட்டதற்கும் இணங்கச் சொன்னதற்கும் 3 ஆண்டு வரை சிறை. வேண்டாம் என்ற பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் 78-வது பிரிவும் சேரும். குழுவில் புகார் கொடுத்தால் போலீசுக்குப் போகக் கூடாது என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, என் முடிவோ அப்பா அம்மாவின் முடிவோ கிடையாது. அவர் நேரில் வந்து மிரட்டினாலோ தங்கியிருக்கும் இடத்துக்கு வந்தாலோ மட்டும் யோசிக்கவே வேண்டாம், உடனே பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

அந்த சீனியர் அக்காவிடம் இன்னொரு முறை தனியாகப் பேசிப் பாருங்கள். புகாரில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள், காரைக்குடியில் அவர் என்ன பார்த்தார் என்று மட்டும் கேளுங்கள். பல வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள் முதல் தடவை கேட்டதும் பேச மாட்டார்கள், அதற்காக அவர்மேல் கோபப்படவும் வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே வேலை. மெசேஜ்களைச் சேமிப்பது, நடந்ததைத் தேதி வரிசையில் உங்கள் சொந்த நடையில் எழுதி வைப்பது. சட்ட வார்த்தை எதுவும் வேண்டாம், ஒரு சீன் எழுதுவது போல யார், எங்கே, என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள், அதில் உங்களுக்குப் பயிற்சி இருக்கிறது. எழுதியதை எனக்கு அனுப்புங்கள், புகார் வடிவத்துக்கு மாற்றித் தருகிறேன், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம். ஜூலை முதல் வாரத்துக்குள் அது குழுவின் கையில் இருக்கட்டும்.